வெள்ளை மூட்டை

வெள்ளை மூட்டை வந்திறங்கிய அன்று முதலில் சந்தோஷப்பட்டவர் மூட்டை சுமக்கிற மாமாதான்.

அதுவரை வந்துகொண்டிருந்த சிலிக்காத் தூள் சாம்பல் நிறம். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோதான் என்றாலும் பஞ்சு மெத்தை மாதிரி உப்பிக்கொண்டிருக்கும். கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேராது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பதினெட்டு இரும்புப் படி ஏறி, மிக்சருக்கு மேலே இருக்கிற ஹாப்பர் என்கிற புனல் தொட்டியின் வாயில் வைத்துக் கத்தியால் கீற வேண்டும். கீறியதும் குப்பென்று எழும்பும். எங்கோ உலோகம் உருக்குகிற உலையின் புகையை வடிகட்டிப் பிடித்த தூள் அது. மூட்டைக்குள் அடைத்த பிறகும் புகையின் புத்தி போகவில்லை. சாயங்காலம் கீழே இறங்கும்போது அவருக்குக் கண்ணிமை மட்டும்தான் மனுஷ நிறத்தில் இருக்கும்.

"என்ன மாமா, சூளையிலேர்ந்து நேரா வர்றீங்களா?" என்பார்கள் லாரி டிரைவர்கள்.

"ஆமா, உனக்கும் ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். வர்றியா?"

அவருக்கு அந்த கான்கிரீட் பிளாண்ட் முழுக்க மாமா என்றுதான் பேர். ஸ்டோர் கீப்பராக இருந்தவன் அவருடைய மச்சினன். அவன் மாமா என்று கூப்பிட, எல்லோருக்கும் அவர் மாமா ஆகிவிட்டார். அதே வழக்கில் லேப்பில் இருந்த அவர் மனைவி க்யூப் அக்கா. ஒவ்வொரு கலவையிலிருந்தும் ஒரு கை எடுத்து இரும்பு அச்சில் குத்தி, கன சதுரமாக வார்த்து, மறுநாள் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, ஏழாம் நாள் மூன்றையும் இருபத்தெட்டாம் நாள் மூன்றையும் மெஷினில் வைத்து நொறுக்கி, எத்தனையில் நொறுங்கியது என்று ரெஜிஸ்டரில் எழுதுவது அவள் வேலை. பதினாறு வருஷமாக நொறுக்கினாள். "ஒன்னையும் உருப்படியா விட்டு வைக்கமாட்டா" என்று மாமா கேலி செய்வார்.

புது மூட்டை அதே எடை, ஆனால் அளவில் பாதி. வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி தூள். சாக்கில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை.

"இதான் சரக்கு. கைப்புள்ள மாதிரி இடுப்புல இடுக்கிக்கிட்டு ஏறிடறேன்" என்றார் அன்று சாப்பாட்டு நேரத்தில். "மாப்ள, எங்கடா புடிச்ச இத?"

"கம்பெனி மாத்திட்டோம் மாமா. வெள்ளை சிலிக்கா. இது ஒசத்தி" என்றான் தம்பி, அக்காவின் தூக்கிலிருந்து இரண்டாவது முட்டையை எடுத்துக்கொண்டே.

மிக்சர் கழுவுகிறவனுக்கும் சந்தோஷம். பழைய தூள் தண்ணீரை உறிஞ்சிக் கலவையைப் பசையாக்கிவிடும். கரண்டியில் ஒட்டினால் விடாது. புதுசு சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. குறை சொல்ல ஆளே இல்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் அக்காவுக்கு உறுத்தியது. ஏழாம் நாள் எண் எப்போதும்போல நாற்பது, நாற்பத்தொன்று என்று வந்தது. இருபத்தெட்டாம் நாள் அது அறுபதைத் தொட வேண்டும். ஐம்பத்திரண்டிலேயே நின்றது. ஐம்பது இருந்தால் பாஸ். ஆகவே யாரும் கவலைப்படவில்லை. லேப்புக்குப் பொறுப்பான சின்ன இன்ஜினியரிடம் காட்டினாள்.

"பாஸ்தானே அக்கா?"

"பாஸ்தான் சார். ஆனா ஏழு நாளைக்கு அப்புறம் சோம்பேறித்தனமா இருக்கு."

அவர் சிரித்தார். "சிமெண்ட்ட கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்றேன். சுறுசுறுப்பாயிடும்."

அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் அந்த எண்கள் எதனால் ஏறும், எதனால் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிறபோது, போகிற போக்கில் சுண்ணாம்பைக் கக்கிவிட்டுப் போகும். அந்தச் சுண்ணாம்பு வேலைவெட்டியில்லாத வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி கான்கிரீட்டின் நுண்ணிய ஓட்டைகளில் சும்மா உட்கார்ந்திருக்கும். சிலிக்காத் தூள் அதைத் தேடிப் பிடிக்கும். சுண்ணாம்பையும் கல்லாக்கித் தானும் கல்லாகி, ஓட்டையை அடைத்துவிடும். முதல் வாரத்துக்குப் பிறகு எண் ஏறுவதில் பாதி அந்தக் கல்யாணத்தால் வருவது. எண் ஏறவில்லை என்றால் கல்யாணம் நடக்கவில்லை என்று அர்த்தம்.

லேப் அலமாரியின் அடியில் பழைய சாம்பல் தூள் அரை மூட்டை கிடந்தது. ஒரு சனிக்கிழமை, நீர்த்த சுண்ணாம்பு வாங்கி வந்து இரண்டு டின்னில் பிசைந்தாள். ஒன்றில் சாம்பல் தூள், ஒன்றில் வெள்ளைத் தூள். ஈரச் சாக்கைச் சுற்றி, மண் காயவைக்கிற ஓவனுக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் வைத்தாள். பன்னிரண்டாம் நாள் திறந்து பார்த்தாள். சாம்பல் டின்னில் விரலை மடக்கித் தட்டினால் டக் டக் என்றது. வெள்ளை டின்னில் விரல் உள்ளே போயிற்று. தயிர்ப் பதத்தில், வைத்தபடியே இருந்தது.

அவள் அந்த டின்னை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். தம்பி ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான்.

"விரலை விட்டுப் பாரு."

"என்னக்கா இது?"

"நீ சொன்ன ஒசத்தி சரக்கு."

அவன் டின்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். அம்மா செத்தபோது அவனுக்கு ஐந்து வயசு. அவள் பத்தாவதோடு நின்றது அவனைப் பார்த்துக்கொள்ளத்தான். மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். அவளுக்கென்று குழந்தை பிறக்கவில்லை. பொய் சொல்லும்போது அவன் இடது காதைத் தடவுவான் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவன் காதைத் தடவவில்லை.

"கல்லு மாவுக்கா" என்றான். "வெள்ளக் கல்லை அரைச்சது. அதுவும் சிலிக்காதான். பேரு ஒன்னுதான், விலைதான் வேற. சப்ளை பண்றவன் எனக்கு வண்டி எடுத்துக் குடுத்தான்ல, அது சும்மாவா?"

"அடப்பாவி. யாருக்கும் தெரியாதா?"

"க்யூப் பாஸ் ஆகுது. அப்புறம் யாரு கேக்கப் போறா? சிமெண்ட் கூடப் போட்டுக்கறாங்க. எந்தக் கட்டடமும் விழப்போறதில்லை. கல்லுதானேக்கா? விஷமா கலந்தேன்?" அவன் குரல் இறங்கியது. "வீட்ல அவ மூணு மாசம் முழுகாம இருக்கா. இப்ப போயி வேலை போச்சுன்னா நான் எங்கக்கா போவேன்?"

அக்கா டின்னைக் கழுவிக் கவிழ்த்தாள். கல்லுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அன்று தொடங்கிப் பதினோரு மாதம், எண் ஐம்பதுக்கு மேல் நின்ற ஒவ்வொரு வரியிலும் பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதியது எதுவும் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

மாமா மூட்டை சுமந்துகொண்டிருந்தார். கடலோரத்தில் பாலம் கட்டுகிற வேலை பிளாண்டுக்கு வந்துவிட்டது. நாளுக்கு அறுபது, எழுபது மூட்டை. கம்பெனி கொடுத்த துணி முகமூடி வாரம் ஒன்று. இரண்டாம் நாளே அது நாய் கவ்விய துணி மாதிரி ஆகிவிடும். பிறகு துண்டைக் கட்டிக்கொள்வார். பழைய சாம்பல் தூள் தொண்டையைக் கரகரக்க வைத்து, இரவு வெந்நீர் குடித்தால் விட்டுவிடும். வெள்ளைத் தூள் தொந்தரவே செய்யவில்லை. வெயில் படுகிற நேரத்தில் ஹாப்பருக்கு மேலே பார்த்தால் காற்றில் மினுமினுவென்று மிதக்கும். அழகாகக்கூட இருக்கும்.

இருமல் மழைக்காலத்தில் தொடங்கியது. சளி என்றார்கள். மழை நின்றும் நிற்கவில்லை. பதினெட்டுப் படியை ஒரே மூச்சில் ஏறுகிறவர் ஒன்பதாவது படியில் நின்று, ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி கீழே பார்ப்பார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட்டு போட ஆரம்பித்தார்.

"என்னங்க, கண்ணாடியில பாத்தீங்களா? கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு."

"கட்டிக்கிட்டப்போ இப்படித்தானே இருந்தேன்? உனக்குப் புடிச்ச மாதிரி ஆயிட்டு வர்றேன்."

பக்கத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டி.பி. என்று எழுதினார்கள். நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டார். சிறுநீர் சிவந்தது, வாய் கசந்தது, இருமல் அப்படியே இருந்தது. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அதையும் அவரே கழுவி வெயிலில் கவிழ்ப்பார். இடையிடையே வேலைக்கும் போனார். தம்பியின் குழந்தையைப் பார்க்கப் போனபோது வாசலிலேயே நின்று, "மாமன் அடுத்த மாசம் வந்து தூக்கறேன்" என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

பாலத்தின் முதல் இரண்டு தூண்களுக்கான இருபத்தெட்டாம் நாள் வந்தது. இது ஐம்பதில் தேறுகிற கலவை இல்லை. எழுபது நின்றாக வேண்டும். உப்புக் காற்றில் நிற்கிற தூண். அக்கா க்யூபைத் துடைத்து மெஷினில் வைத்து நெம்புகோலைத் தள்ளினாள். முள் ஐம்பது, ஐம்பத்தைந்து என்று ஏறி, அறுபத்தொன்றில் க்யூப் படார் என்று வெடித்தது. அடுத்தது அறுபது. மூன்றாவதும் அறுபத்தொன்று.

இன்ஜினியர் லீவில் இருந்தார். சாயங்காலத்துக்குள் தம்பி லேப்புக்கு வந்துவிட்டான்.

"எழுபத்தொன்னுன்னு போடுக்கா. ஒரே ஒரு எழுத்து."

"இதுவரைக்கும் நான் எழுதுனது எல்லாம் மெஷின் சொன்னதுடா."

"மெஷினுக்கா அக்கா தம்பி இருக்கு?"

அவள் மாற்றி எழுதவும் இல்லை, உள்ளதை எழுதவும் இல்லை. அந்த வரியைக் காலியாக விட்டு ரெஜிஸ்டரை மூடினாள். மறுநாள் மாமாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு சொல்லியிருந்தாள்.

நெஞ்சு டாக்டர் ஒரு அம்மாள். படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். நெஞ்சுக்கூட்டுக்குள் இரண்டு பக்கமும் பனி விழுந்த மாதிரி இருந்தது.

"கல் குவாரியில வேலையா?"

"இல்லைங்க. கான்கிரீட்டுல பவுடர் கொட்டறது" என்றார் மாமா.

"என்ன பவுடர்?"

"சிலிக்கான்னு சொல்வாங்க. சாம்பலா வரும். இப்ப ஒரு வருஷத்துக்கு மேலா வெள்ளையா வருது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெள்ளையா வர்றது என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

மாமா தெரியாது என்று தலையசைத்தார். அக்காவின் வாயிலிருந்து அது தானாக வந்தது. "கல்லு மாவுங்க. வெள்ளக் கல்லை அரைச்சது."

மாமா திரும்பி அவளைப் பார்த்தார்.

"சாம்பல் தூளுன்னா பரவாயில்லைன்னு சொல்லமாட்டேன், அதுவும் கெடுதல்தான்" என்றார் டாக்டர். "ஆனா அதுல பெரும்பாலும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளிடும். இது அரைச்ச கல்லு. கரையாது, வெளியவும் வராது. நுரையீரல் அதைச் சுத்தித் தழும்பு கட்டிக்கிட்டே போகும். இது டி.பி. இல்லை."

"அப்ப மாத்திரையை மாத்திக் குடுப்பீங்களா?"

"மூச்சு வாங்காம இருக்கக் குடுக்கறேன். அந்த வேலைக்கு இனிமே ஒருநாள்கூடப் போகக்கூடாது. உள்ள போனதை எடுக்க மருந்து கிடையாதும்மா."

வெளியே மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாமா கால் செருப்பைக் கழற்றி, மறுபடி போட்டார்.

"கல்லு மாவுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் முந்தானை நுனியை முறுக்கினாள்.

"கேக்கறேன்ல."

"மூட்டை மாறி மூணாம் மாசம். தம்பி சொன்னான். நெஞ்சுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. கட்டடத்துக்கு ஆகாதுன்னு மட்டும்தான்..."

"மூணாம் மாசம்" என்றார். "அப்ப நான் பதினெட்டுப் படியும் ஏறினாக்கூட இருமமாட்டேன்."

"அவனுக்குப் புள்ளை பொறக்கற நேரம். வேலை போயிடும்னு அழுதான்."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா ஊரைக் கூட்டியிருப்பேனா? துண்டை இன்னொரு சுத்து சுத்திக் கட்டியிருப்பேன். அவ்வளவுதானே?"

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை, பெஞ்சில் இருந்த ஒரு சாமானை நகர்த்துகிற மாதிரி அவள் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்தார்.

மறுநாள் காலை அக்கா ரெஜிஸ்டரைத் திறந்து காலி வரியில் அறுபத்தொன்று என்று எழுதினாள். ரெஜிஸ்டரையும், பாலத்து வேலை தொடங்கியபோது மறுபடி பிசைந்து அலமாரியில் வைத்திருந்த இரண்டு டின்னையும், எக்ஸ்ரே கவரையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியதை நின்றபடியே சொல்லி முடித்தாள். மேனேஜர் டின்னில் விரலை விட்டுப் பார்த்தார். முகம் வெளுத்து, தூண்களைப் பற்றி இரண்டு போன் பேசினார். எக்ஸ்ரே கவரைத் திறக்கவில்லை. பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

"லேப்ல ஓகே சொன்னதாலதான் சார் நான் சரக்கை இறக்குனேன்" என்றான் தம்பி. காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

மேனேஜர் ரெஜிஸ்டரைப் பின்பக்கமாகப் புரட்டினார். "இதெல்லாம் யார் கையெழுத்தும்மா?"

"என்னோடது சார்."

"பாஸ், பாஸ், பாஸ். பதினோரு மாசமா."

"பாஸ் ஆச்சு சார். அதனாலதான் எழுதினேன்."

"சரக்கு தப்புன்னு தெரிஞ்சே எழுதியிருக்கீங்க. இப்ப நீங்களே வாயால சொன்னீங்க."

"எங்க வீட்டுக்காரருக்கு..."

"அவருக்கு டி.பி.ன்னு நம்ம பைல்ல பேப்பர் இருக்கு."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. தூணில் துளையிட்டு உருளை உருளையாகக் கல் எடுத்து நொறுக்கிப் பார்த்தார்கள், அதே அறுபது. இரண்டு தூணையும் இடித்துவிட்டு மறுபடி எழுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. சப்ளை செய்தவன் வேறு பேரில் வேறு பிளாண்டுக்குப் போனான். கவனக்குறைவு என்று எழுதித் தம்பியை இன்னொரு பிளாண்டுக்கு மாற்றினார்கள். உடந்தை என்று எழுதி அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மாமாவின் பேர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை.

அக்கா ஒரு காலேஜ் விடுதியில் பாத்திரம் தேய்க்கப் போனாள். திரும்பி வருகிற நேரத்தில் சில நாள் வாசலில் தம்பியின் வண்டி நிற்கும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். பாதிச் சிரிப்பில் இருமல் வந்து மறிக்கும். தம்பி ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். அவளைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவார்கள்.

ஒருநாள் வண்டியை எடுக்கப் போனவனை மறித்தாள். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா வர்ற?"

"மாமாதான்கா வரச் சொல்றாரு. போன் பண்ணிக் கூப்புடறாரு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

உள்ளே வந்து, என்றைக்கும் கேட்காததைக் கேட்டாள். "கல்லை வாங்கிப் போட்டவன் அவன். அவனோட சிரிச்சுப் பேசறீங்க. என்கிட்ட தண்ணி வேணும், சோறு வேணும், அதைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன பண்ணிட்டேன், அவன் பண்ணாததை?"

மாமா மூன்று தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேச வேண்டியிருந்தது.

"அவன் திருடன். திருடன்கிட்ட என்ன கேக்கறது? திருடினான், போனான்." நிறுத்தினார். "நீ எனக்குக் காவக்காரின்னு நினைச்சேன்."

 அவள் அடுப்பில் கஞ்சியை வைத்தாள். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள்.

தூண் இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பார்க்க வேண்டும் என்றார் மாமா. ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, காற்றில் உப்பு பிசுபிசுத்தது. பாதி உயரம் போயிருந்த தூணை எந்திரம் கொத்திக்கொண்டிருந்தது. தூசி பறக்காமல் இருக்க ஒருவன் குழாயால் தண்ணீர் அடித்தபடி இருந்தான். அத்தனை பேர் முகத்திலும் இரண்டு பக்கமும் உருண்டை வைத்த நல்ல முகமூடி. எந்திரம் பத்துத் தரம் குத்தினால் ஒரு கை அளவு பெயர்ந்தது.

மாமா வண்டிக்குள்ளிருந்தே பார்த்தார். அவர் சுமந்த மூட்டைகள் அந்தத் தூணுக்குள் இருந்தன.

"உடையமாட்டேங்குதே" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அவராக அவளிடம் பேசிய பேச்சு அது. "நல்லாத்தானே நிக்குது? விட்டிருந்தா எத்தனை வருஷம் நின்னிருக்கும்?"

அவளுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "உப்புக் காத்து உள்ள போயி கம்பி துருப்பிடிச்சு வெடிக்கணும். இருபது வருஷம் நின்னிருக்கும். அதுக்கு மேல சொல்லமுடியாது."

எந்திரம் நின்றது. ஓட்டுகிறவன் இறங்கித் தண்ணீர் குடித்தான்.

"இருபது வருஷமா?" என்றார் மாமா. தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "போதுமே."

அவள் ஆட்டோக்காரரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.